வேம்பு–மஞ்சள் க்ரீமுக்கு முயல் வேண்டாம், சரி. வேறு எதில் சோதிப்பது?

வேப்பங்கொழுந்து கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேப்பெண்ணெய், மஞ்சள் சாறு, லாவண்டர் எண்ணெய் சேர்ந்த முகக் க்ரீம். சிறிய அளவில் தயாரித்து லிட்டில் இந்தியாவில் இரண்டு கடைகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். அட்டையில் “விலங்குகளில் சோதிக்கப்படவில்லை” என்று போட ஆசை. அதே சமயம் பாதுகாப்பானது என்று தைரியமாகச் சொல்லவும் வேண்டும்.

முயலின் தோலிலும் கண்ணிலும் பார்த்ததை இப்போது எதில் பார்க்கிறார்கள்? செய்முறையோடு சொன்னால் நல்லது, ஆய்வகத்திடம் பேசும்போது உதவும். தெரிந்தவர்கள் பத்துப் பேரின் முன்கையில் பூசி ஒரு நாள் பார்த்தால் போதாதா? கடைசியாக, அந்த அட்டை வாசகம் நேர்மையானதுதானா?

பிப்பெட்பாண்டி:

சிங்கப்பூரில் முகக் க்ரீம் விற்க விலங்குச் சோதனை அறிக்கையை யாரும் கேட்பதில்லை. ஆசியான் அழகுசாதன நெறிமுறைப்படி, கடைக்குப் போகும் முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பொருளைப் பற்றி அறிவிக்க வேண்டும். இது அறிவிப்பு மட்டுமே, அங்கீகாரம் அல்ல. பாதுகாப்புக்குப் பொறுப்பு உங்களுடையது. அதற்கான ஆதாரம் நீங்கள் வைத்திருக்க வேண்டிய பொருள் தகவல் கோப்பில் இருக்க வேண்டும். “எக்ஸிமா குணமாகும்” என்று ஒரு வரி அட்டையில் ஏறிவிட்டால் அது மருந்துக் கணக்கு. கீழே எழுதுவது அதற்குப் பொருந்தாது.

தோல் சோதனைக்கு முன் எந்த விலங்கும் தேவைப்படாத இரண்டு வேலைகள் உண்டு, முதல் செலவை அங்கே செய்யுங்கள். ஒன்று கன உலோகம்: ஈயம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), ஆர்சனிக் 5, காட்மியம் 5, பாதரசம் 1, இவற்றைத் தாண்டக் கூடாது. மஞ்சள் தூளில் நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலக்கும் கொடுமை உலகறிந்தது. ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் சான்று வாங்குங்கள், ஒரு தடவை வாங்கியது போதாது. இன்னொன்று ஐஎஸ்ஓ 11930 சோதனை. க்ரீமில் ஐந்து வகை நுண்ணுயிர்களை வேண்டுமென்றே விட்டு 7, 14, 28-ஆம் நாள்களில் எண்ணிப் பார்ப்பார்கள். தண்ணீர் சேர்ந்த வீட்டுத் தயாரிப்பு க்ரீமில் முகத்தைக் கெடுப்பது மூலிகையைவிட டப்பாவுக்குள் வளரும் பாக்டீரியா என்பது என் கருத்து.

இனி முயல். டிரெய்ஸ் சோதனை 1944-இல் வந்தது. முயலின் ஒரு கண்ணின் கீழிமையில் 0.1 மில்லிலிட்டர் விட்டு, 21 நாள் வரை பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கொடுமை ஒருபுறம் இருக்கட்டும், அளவுகோலாகவே அது தள்ளாடியது. ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி, வெய்ல், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஓரிடத்தில் ‘ஒன்றுமில்லை’, இன்னோரிடத்தில் ‘கடுமை’ என்று வந்தது. மாற்று முறைகளை “முயலோடு ஒத்துப்போகவில்லை” என்று குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தோல் எரிச்சலுக்கு இப்போது இருப்பது ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி 439. அறுவை சிகிச்சையில் கிடைக்கும் மனிதத் தோல் செல்களைச் சல்லடை போன்ற ஒரு சிறு கிண்ணத்தில், மேல்பக்கம் காற்றுப் படும்படி வளர்த்தால் அடுக்கடுக்காக மேல்தோல் உருவாகும். எபிடெர்ம் என்ற பெயரில் கிடைக்கும் அத்தகைய மாதிரித் தோலில் இப்படிச் செய்வார்கள்:

திசு வந்த உடனே புதிய ஊடகத்தில் (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) வைத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுக்க ஓய்வு. மறுநாள் திரவமானால் 30 மைக்ரோலிட்டர், திடப்பொருளானால் 25 மில்லிகிராம், மூன்று திசுக்களில். மொத்தம் 60 நிமிடம்: அதில் 35 நிமிடம் இன்குபேட்டருக்குள், மீதி அறை வெப்பத்தில். உப்புக் கரைசலால் 15 முறை கழுவி, 42 மணி நேரம் வளர விட வேண்டும். பிறகு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் எம்டிடி என்ற சாயத்தில் மூன்று மணி நேரம். உயிருள்ள செல் மஞ்சள் நிற எம்டிடியை ஊதாப் படிகமாக்கும். அதை ஐசோபுரோபனாலில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். உப்புக் கரைசல் மட்டும் பட்ட திசுவோடு ஒப்பிட, உயிர்ப்பு 50 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் எரிச்சலூட்டி. ஒப்பீட்டுக்கு 5% எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலும் கூடவே ஓட வேண்டும். அதில் உயிர்ப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் அன்றைய ஓட்டமே செல்லாது.

உங்கள் க்ரீமில் தவறு நடக்கக்கூடிய இடம் மஞ்சள். தாவரப் பாலிபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அதாவது செத்த தோல் உயிரோடு இருப்பதாகக் காட்டும், எரிச்சலூட்டும் பொருள் ‘பாதுகாப்பு’ என்று தேறிவிடும். ஆகவே முதலில் திசு இல்லாமல் 1 மில்லிலிட்டர் எம்டிடியில் உங்கள் மாதிரியைப் போட்டு 60 நிமிடம் 37 டிகிரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊதாவானால், உறைய வைத்துக் கொன்ற திசுவிலும் ஒரு வரிசை ஓட்டி, அதில் வரும் போலி நிறத்தைக் கழிக்க வேண்டும். போலி நிறம் மட்டுமே ஒப்பீட்டுத் திசுவின் பாதியைத் தாண்டினால் இந்த முறை அந்தப் பொருளுக்கு ஒத்துவராது. “கலர் கன்ட்ரோல் (பொருளின் சொந்த நிறத்தைக் கழிக்கும் ஒப்பீடு) போட்டீர்களா, கொன்ற திசு போட்டீர்களா?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

எண்ணெய்ப் பசையும் தொல்லைதான். 15 முறை கழுவியும் வேப்பெண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தால் 60 நிமிடத் தொடர்பு 42 மணி நேரமாகிவிடும், தேவையில்லாமல் தோற்கும். பஞ்சுக் குச்சியால் அழுத்தித் துடைத்தால் திசு கிழியும், அப்போதும் தோற்கும். மூன்று திசுக்களின் உயிர்ப்பு அளவுகளுக்கு இடையிலான திட்ட விலகல் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் முதலில் கழுவிய கையைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று: 439 சொல்வது ‘எரிச்சலூட்டியா இல்லையா’ என்பதை மட்டும். இரண்டு மென்மையான க்ரீம்களில் எது மேல் என்று அது சொல்லாது. அதற்கு ‘இடி50’ கேளுங்கள். ஒரே தோலில் வெவ்வேறு நேரம் பூசி, உயிர்ப்பு பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது. முகக் க்ரீமுக்கு உண்மையில் பயன்படும் எண் அதுதான்.

கண்ணுக்கு வழிகாட்டி 492, மனித செல்லில் வளர்த்த கருவிழி மாதிரி. எபிஆக்குலர் என்ற மாதிரியில் திரவம் 50 மைக்ரோலிட்டர், 30 நிமிடம். உயிர்ப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் என்றால் வகைப்பாடு தேவையில்லை. கீழே போனால் ‘கண்ணைக் கெடுக்கும்’ என்று அர்த்தமல்ல, ‘இந்தச் சோதனையால் மட்டும் சொல்ல முடியாது’ என்றே அர்த்தம். இதைத் தவறாகப் படிப்பவர்கள் நிறைய.

மூன்றாம்தட்டு:

பாண்டி அண்ணே தொடாத இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பத்துப் பேர் முன்கை, ஒரு நாள். கொழுந்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் சில மணி நேரத்தில் தெரியும். ஒவ்வாமை அப்படியல்ல. முதல் தொடர்பில் உடல் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ள ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும், அப்போது தோலில் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை படும்போதுதான் வீங்கும். ஆகவே 24 மணி நேரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதில் தகவலே இல்லை. மோசமானது என்னவென்றால், அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு நீங்களே ஒவ்வாமையை விதைத்திருக்கலாம், அது ஆயுளுக்கும் போகாது. திருவிழாக் கடைகளில் போடும் ‘கருப்பு மருதாணி’யை நினைத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பிபிடி சாயம் அன்றைக்குக் கை நிறைய அழகு. சில மாதம் கழித்துத் தலைமுடிக்குச் சாயம் போடும் நாளில் முகமே வீங்கும். முயலை விட்டுவிட்டு அண்டை வீட்டாரை முயலாக்குவது அறமாகாது.

ஆய்வகத்தில் இதை ஒரே சோதனையில் பார்க்க முடியாது. ஒவ்வாமை படிப்படியாக வருவது, படிக்கு ஒரு சோதனை:

முதல் படி, பொருள் தோல் புரதத்தோடு ஒட்டுகிறதா? டிபிஆர்ஏ, வழிகாட்டி 442சி. சிஸ்டீன் உள்ள பெப்டைடோடு (சிறு புரதத் துண்டு) 1:10, லைசின் உள்ளதோடு 1:50 விகிதத்தில் கலந்து 25 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு குறைந்தது என்று எச்பிஎல்சி என்ற, கலவையைப் பிரித்தளக்கும் கருவியில் 220 நானோமீட்டரில் பார்ப்பது. சராசரிக் குறைவு 6.38 விழுக்காட்டைத் தாண்டினால் நேர்மறை. ஒப்பீட்டுக்கு வைக்கும் ‘நிச்சயம் ஒட்டும்’ பொருள் எது தெரியுமா? நம் லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு. இயற்கை என்றால் சாது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி, தோல் செல் எச்சரிக்கை மணி அடிக்கிறதா? கெராட்டினோசென்ஸ், 442டி. 48 மணி நேரத்தில் லூசிஃபெரேஸ் (ஒளி தரும் நொதி) ஒளி 1.5 மடங்கு கூடினால் நேர்மறை. மூன்றாம் படி, நோயெதிர்ப்புச் செல் விழிக்கிறதா? எச்-கிளாட், 442ஈ. டிஎச்பி-1 என்ற மனித இரத்தச் செல் வகையில், செல் மேற்பரப்புப் புரதங்களான சிடி86 150 விழுக்காட்டையோ சிடி54 200 விழுக்காட்டையோ எட்டினால் நேர்மறை.

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. 2021-இல் வந்த வழிகாட்டி 497 இதை அதிகாரபூர்வமாக்கியது. சுண்டெலியின் நிணநீர்க் கணுச் சோதனை இல்லாமலே ‘ஒவ்வாமை உண்டு, இல்லை’ என்று சொல்லலாம்.

சிக்கலும் உண்டு. டிபிஆர்ஏவுக்கு மூலக்கூறு எடை தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் விகிதமே மோல் கணக்கு, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை. ‘மஞ்சள் சாறு’ என்பது நூறு பொருள்களின் கூட்டு, அதற்கு ஏது மோல்? சிஸ்டீன் பெப்டைடு தானாகவே இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டாலும் ‘குறைந்தது’ என்று போலியாகக் காட்டும். தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பொருளுக்கு எச்-கிளாட் எதிர்மறை காட்டினால் அதை நம்பக் கூடாது, பொருள் செல்லைத் தொட்டிருக்கவே மாட்டாது. ஆகவே உங்கள் முழு க்ரீமையும் இந்தச் சோதனைகளில் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். சேர்மம் சேர்மமாக, ஏற்கெனவே இருக்கும் தரவைத் தேடுங்கள்.

அப்படித் தேடினால் மாட்டப்போவது வேம்போ மஞ்சளோ அல்ல, லாவண்டர். அதன் லினலூல் புதிதாக இருக்கும்போது பெரிய தொல்லை இல்லை. காற்றுப் பட்டு ஹைட்ரோபெராக்சைடு ஆனதும் நல்ல ஒவ்வாமையூட்டி. நம் ஊர் வெப்பத்தில் பாதி காலியான புட்டியில் அது சீக்கிரமே நடக்கும். கறுப்புக் கண்ணாடியில், கழுத்து வரை நிரம்பிய சிறு புட்டிகளாக வாங்குங்கள். திறந்த தேதியை எழுதுங்கள். பெராக்சைடு எண் பார்த்த பிறகே கலக்குங்கள்.

தராசுமுள்:

மூன்றாவது கேள்வி. சுருக்கமான பதில்: வாசகம் பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

பாதுகாப்பு மதிப்பீட்டாளர் போடும் கணக்கைப் பாருங்கள். முகக் க்ரீம் ஒரு நாளைக்கு 1.54 கிராம், 60 கிலோ உடல். ஒரு சேர்மம் 0.5%, அதில் பாதி தோல் வழியாக உள்ளே போகிறது என்று வையுங்கள். உடலுக்குள் சேர்வது கிலோவுக்கு 0.064 மில்லிகிராம். அந்தச் சேர்மத்தின் ‘கெடுதல் தெரியாத உச்ச அளவு’ கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால், வாய்வழி உறிஞ்சலுக்காகப் பாதியாக்கி 25. வகுத்தால் ஏறத்தாழ 390. 100-க்கு மேல் இருந்தால் தேறும்.

அந்த 50 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 90 நாள் எலிகளுக்கு ஊட்டிய ஆய்விலிருந்து. எப்போதோ, யாரோ செய்தது. நீங்கள் புதிதாக ஒரு எலியையும் தொடவில்லை, ஆனால் பழைய எலியின் மேல்தான் நிற்கிறீர்கள். தரவே இல்லாத சேர்மமானால் ‘நச்சியல் அக்கறை வாசல்’ அளவு உண்டு: மூலக்கூறு அமைப்பை வைத்துப் பிரிக்கும் கிரேமர் வகைப்பாட்டில், அதிகச் சந்தேகத்துக்குரிய மூன்றாம் வகுப்புக்கு நாளொன்றுக்கு 90 மைக்ரோகிராம், முதல் வகுப்புக்கு 1,800. அந்த எண்களும் பழைய விலங்குத் தரவைத் திரட்டி எடுத்தவையே.

மாற்று முறைகளும் முற்றிலும் சைவமல்ல. செல் வளர்ப்பு ஊடகத்தில் பொதுவாகச் சேர்ப்பது கன்றுக் கருவின் இரத்த நீர் (சீரம்). ஏம்ஸ் மரபணுச் சோதனையில் பாக்டீரியாவோடு சேர்க்கும் எஸ்9 என்ற நொதிச் சாறு பெரும்பாலும் எலியின் கல்லீரலிலிருந்து வருகிறது. கண்ணுக்கான வழிகாட்டி 437 கசாப்புக் கூடத்து மாட்டுக் கண்ணில் செய்வது. ‘விலங்கே இல்லை’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இது முக்கியம், நம்மவர்களில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. மனித இரத்தத் தட்டணுச் சாறு, சீரம் இல்லாத ஊடகம் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் செல்லுக்குச் செல் பழக்க வேண்டும், ஒரே நாளில் மாற்றினால் செல் பிடிவாதம் பிடிக்கும், பழைய அளவீடுகளும் ஒத்துப்போகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சிலிருந்து விலங்கில் சோதித்த அழகுசாதன விற்பனையைத் தடுத்தது. இந்தியா 2014-இல் சோதனையையும் அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. ஆனால் அதே சேர்மத்தைத் தொழிற்சாலை ஊழியர் பாதுகாப்புக்காக ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தின் கீழ் விலங்கில் சோதிக்கச் சொல்லலாம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் உங்கள் குழம்பாக்கி அப்படிச் சோதிக்கப்பட்டிருந்தால் அட்டை வாசகத்தை எப்படிப் படிப்பது?

சேற்றுநண்டு:

க்ரீமை விட்டு விலகுகிறேன், ஆனாலும் இந்த ஊரில் இதைப் பேசும்போது குதிரைலாட நண்டைச் சொல்லாமல் போக மனமில்லை.

ஊசி மருந்தில் காய்ச்சல் தரும் நச்சு இருக்கிறதா என்று முதலில் முயலில் பார்த்தார்கள்: காதோர இரத்தக் குழாயில் ஏற்றி, மூன்று முயல்களின் உடல் வெப்பத்தை மூன்று மணி நேரம் கவனிப்பது. பிறகு குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுக்கும் எல்ஏஎல் என்ற சோதனைப்பொருள் வந்தது, அமெரிக்காவில் 1977-இல் அனுமதி. முயல் தப்பியது, நண்டு மாட்டியது. இரத்தம் எடுத்துக் கடலில் விட்டாலும் ஒரு பங்கு செத்துப்போகிறது. முதுகெலும்பில்லாத பிராணி என்பதால் இங்குள்ள ஆய்வக விலங்கு விதிகளின் கணக்கில் அது வருவதுமில்லை.

இந்தச் சங்கிலியை அறுத்த வேலை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. டிங் ஜியாக் லிங், ஹோ போ தம்பதியர் நம் சதுப்புநிலத்து நண்டின் ‘ஃபேக்டர் சி’ (நச்சை உணரும் புரதம்) மரபணுவைப் பிரித்தெடுத்து, நண்டே இல்லாமல் அந்தப் புரதத்தைத் தயாரித்தார்கள். மண்டாய் சேற்றில் இன்றும் ஊர்கிற அதே இனம். 2003-இல் வணிகத்துக்கு வந்தது. ஐரோப்பிய மருந்துநூல் (மருந்துத் தர விதிகளின் தொகுப்பு) தனி அத்தியாயம் தந்தது 2021-இல், அமெரிக்க மருந்துநூல் 2025 மே மாதத்தில். அறிவியல் முடிந்த பிறகும் காகிதம் இருபது ஆண்டு பின்னால் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. மாதிரி 100 மைக்ரோலிட்டர், வினைப்பொருள் 100, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். நச்சு இருந்தால் ஃபேக்டர் சி விழித்து ஒளிரும் மூலக்கூறை வெட்டிவிடும். 380-இல் ஒளி பாய்ச்சி 440 நானோமீட்டரில் படிப்பது. நண்டு இரத்தத்தில் இருக்கும், குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியை உணரும் ஃபேக்டர் ஜி இதில் இல்லை. ஆகவே செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் குளுக்கன் போலி நேர்மறை தராது. தெரிந்த அளவு நச்சைச் சேர்த்து, திரும்பக் கிடைப்பது 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு: ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) செய்த கண்ணாடியைச் சுத்தம் என்று நம்புவது. 121 டிகிரியில் பாக்டீரியா சாகும், அதன் நச்சு சாகாது. நச்சை அழிக்க 250 டிகிரி உலர் வெப்பம், 30 நிமிடம் வேண்டும்.

வடக்குவாசல்:

எல்லாம் சரி, மருந்துக்கும் எலி, குரங்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களா? 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, எந்த விலங்கிலும் பார்க்காமல் விற்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். எலியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தராசுமுள்:

தெரிந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டிஜிஎன்1412 என்ற சோதனை மருந்தைப் பாருங்கள்: குரங்குக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தும் ஒன்றுமில்லை. அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 2006-இல் லண்டனில் ஆறு மனிதர்களைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பியது. காரணம் பின்னால் தெரிந்தது: மருந்து பிடிக்க வேண்டிய சிடி28 என்ற புரதம் மனிதரின் நினைவு டி-செல்களில் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்) இருக்கிறது, அந்தக் குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. மனித செல்லில் சரியான விதத்தில் பார்த்திருந்தால் மாட்டியிருக்கும். ஆகவே எலியா, செல் வளர்க்கும் ஆய்வகத் தட்டா என்பதல்ல, எந்தக் கேள்விக்கு எது பதில் தரும் என்பதுதான் விஷயம்.

தோல் எரிச்சல், ஒவ்வாமை, நச்சுக் காய்ச்சல்: இவை சிறிய, தெளிவான கேள்விகள், தட்டில் அடங்கும். கரு வளர்ச்சி, மாதக்கணக்கில் உண்ணும் மருந்து, மூளை: இவை இன்னும் அடங்கவில்லை. மனிதக் கல்லீரல் செல்களை வளர்க்கும் சிறு சாதனமான கல்லீரல் ‘சிப்’ 2022-இல் 27 மருந்துகளை வைத்துப் பார்த்த ஆய்வில் நச்சானவற்றில் 87 விழுக்காட்டைப் பிடித்தது, நல்லதைக் கெட்டது என்று சொல்லவில்லை. அது கல்லீரலுக்கு. முழு உடலுக்கு அப்படி ஒரு சிப் இன்னும் இல்லை.

இங்கே விலங்கு வைத்து ஆராய வேண்டுமானால் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடைச் சேவையின் உரிமம் வேண்டும், நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒவ்வொரு திட்டத்தையும் பார்க்க வேண்டும். ரஸ்ஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959-இல் சொன்ன மாற்று (விலங்குக்குப் பதில் வேறு முறை), குறைப்பு (குறைந்த எண்ணிக்கை), மென்மை (குறைந்த வலி) மூன்றும் 2004-இல் இங்கே வந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. ‘மாற்று’ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ‘குறைப்பு’க்கு அவசரமாகத் தலையாட்டுவது பொதுவான குறை. எண்ணிக்கையை அளவுக்கு மீறிக் குறைத்து, புள்ளியியலில் ஒன்றும் தேறாத ஆய்வில் எலிகளைக் கொல்வது வீண் கொலை. எட்டு எலி போதாது, பன்னிரண்டு வேண்டும் என்று சொல்வதும் சில நேரம் அறம்தான்.

வேப்பங்கொழுந்து:

நன்றி. அப்படியானால் அட்டையில் என்ன எழுதலாம்? ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது?

பிப்பெட்பாண்டி:

“இந்தப் பொருளை நாங்கள் விலங்குகளில் சோதிக்கவில்லை, எங்களுக்காக யாரும் சோதிக்கவுமில்லை.” இது நீங்கள் நிரூபிக்கக்கூடிய வாக்கியம். ஒவ்வொரு சேர்ம விற்பனையாளரிடமும் “இந்தத் தேதிக்குப் பிறகு அழகுசாதன நோக்கத்துக்காக விலங்குச் சோதனை செய்யவில்லை” என்ற கையெழுத்துக் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். தேதி இல்லாத கடிதம் பயனற்றது.

ஆய்வகத்துக்கு விற்கப்போகும் அதே தொகுதியிலிருந்து, அதே டப்பாவில், திறக்காத மூன்று. கூடவே மஞ்சள் சாறு மட்டும் தனியாக ஒரு சிறு புட்டி, எம்டிடி முன்சோதனைக்கு. லாவண்டர் இல்லாத க்ரீம் ஒன்றும் அனுப்புங்கள். இரண்டிலும் இடி50 ஓட்டினால், க்ரீம் தோற்றாலும் குற்றவாளி யாரென்று தெரியும், எல்லாவற்றையும் மறுபடி கிண்ட வேண்டியிருக்காது.